தோட்டத்தின் மேலே போன கம்பி



தோட்டப்புறத்தில் வாழ்ந்தவர் எவரும் அந்த இரும்புக் கோபுரங்களை மறந்திருக்க முடியாது. ரப்பர் மரங்கள் நெருங்கி நிற்கும் காட்டின் நடுவே திடீரென்று ஓர் அகன்ற வெளி தோன்றும். அந்த வெளியில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை, நான்கு கால்களை அகட்டி ஊன்றிய கோபுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். தட்டுகளை அடுக்கிக் கோத்தாற்போன்ற சரங்கள் அவற்றில் தொங்க, அச்சரங்களைப் பற்றிக்கொண்டு கம்பிகள் மேட்டுக்கு மேடு தாவிச் செல்லும். தூறல் விழும் விடியற்காலையில் கீழே நின்றால் வண்டு இரைவது போன்ற ஓர் ஒலி காதில் விழும். காட்டை வெட்டித் திறந்த அந்த வெளிக்கு மலாய் மொழியில் ‘ரெந்திஸ்’ என்று பெயர். நாமும் அப்பெயரையே இங்கு வழங்குவோம்.

அந்தக் கம்பிகளைக் கண்ட பிள்ளைகள் பெரியவர்களிடம் ஒரு கேள்வி கேட்பதுண்டு. இவ்வளவு கரண்டு நம் தலைக்கு மேலே போகிறதே, நம் லயத்தில் மட்டும் ஏன் மண்ணெண்ணெய் விளக்கு என்பதே அக்கேள்வி. 1960களிலும் 1970களிலும் பல தோட்டங்களில் நிலைமை அப்படித்தான் இருந்தது. இன்ஜின் வைத்து வெளிச்சம் கொடுத்த தோட்டங்களிலும் அது பொழுது சாய்ந்ததும் தொடங்கி, இரவு பத்து மணி வாக்கில் நின்றுவிடும். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை அதன்பின் சிம்னி விளக்கைத் தேட வேண்டும். கேட்பது சிறு பிள்ளைதான். ஆயினும் அதற்கு நேர்மையாக விடை சொல்ல வேண்டுமானால் நாம் நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்னே போக வேண்டியிருக்கிறது.

மலாயாவில் மின்சாரம் முதன்முதலில் வந்து சேர்ந்தது விளக்கெரிப்பதற்காக அன்று, தண்ணீர் இறைப்பதற்காக. 1894-ஆம் ஆண்டின் இறுதியில், சிலாங்கூரில் உள்ள ரவாங்கில், ஓர் ஈயச் சுரங்கத்தின் நீரிறைக்கும் பம்புகளை ஓட்டுவதற்கு மின்னாக்கி பொருத்தப்பட்டது. பொருத்தியவர்கள் இருவர். ஒருவர் சீனப் பெருவணிகரான லோக் இயூ. மற்றவர் கே. தம்புசாமிப் பிள்ளை. கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலோடு சேர்த்தே நாம் அவர் பெயரை நினைவுகூர்கிறோம். இந்நாட்டின் மின்சார வரலாற்றின் முதற் பக்கத்திலும் அந்தத் தமிழரின் பெயர் இருக்கிறது என்பதை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்வது நல்லது.

அடுத்து 1900-ஆம் ஆண்டில் பகாங்கின் ரவுப் நகருக்கு அருகே செம்பாம் ஆற்றின் வேகத்தைக் கொண்டு மின்சாரம் எடுத்தார்கள். அங்கிருந்த தங்கச் சுரங்கக் கம்பெனி தன் இயந்திரங்களை ஓட்டுவதற்காகச் செய்த ஏற்பாடு அது. 1904-இல் பினாங்கில் நகராட்சி மின்சாரம் வழங்கத் தொடங்கியது. 1905-இல் உலு கோம்பாக்கில் ஓடும் நீரிலிருந்து எடுத்த மின்சாரம் கோலாலம்பூருக்கு வந்தது. பின்னர் பத்து ஆராங்கில் வெட்டிய நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையம் பங்சாரில் எழுந்தது. இவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை. வீட்டுக்கு ஒரு கிணறு வெட்டிக்கொண்டதுபோல, ஊருக்கு ஓர் இயந்திரம் என்று இருந்தது. ஓர் ஊரின் இயந்திரம் பழுதானால் அந்த ஊர் இருளில் கிடக்கும்; பக்கத்து ஊரில் மின்சாரம் மிஞ்சிக் கிடந்தாலும் அதைக் கொண்டுவர வழி கிடையாது.

தொலைதூரத்துக்குக் கம்பி இழுக்கும் பெரு முயற்சி பேராக்கில் தோன்றியது. 1926-இல் அமைந்த பேராக் நதி நீர்மின் கம்பெனி, பேராக் ஆற்றின் குறுக்கே செண்டரோ என்னுமிடத்தில் அணை கட்டி, 1930 வாக்கில் மின்சாரம் எடுத்தது. ஆற்றில் நீர் குறையும் காலத்துக்குத் துணையாக மாலிம் நாவாரில் நீராவி நிலையம் ஒன்றும் அமைந்தது. அந்த மின்சாரத்தை வாங்கியவை கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்கள். குளத்தில் மிதந்தபடி மண்ணைத் தோண்டும் ராட்சத ஈயக் கப்பல்களுக்கு இரவும் பகலும் மின்சாரம் வேண்டும்; கேட்ட பணத்தையும் கொடுக்கும். ஆகவே அணையிலிருந்து சுரங்கம் வரைக்கும் கோடு போட்டார்கள். இடையில் இருந்தது சுங்கை சிப்புட் வட்டாரம். ரப்பர்த் தோட்டங்கள் நிறைந்த பகுதி அது என்பது நேயர்கள் அறிந்ததே.

கம்பி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்ற இரண்டு மட்டுமே அன்றைய திட்டத்தில் கணக்கு. நடுவில் இருப்பது கடந்து போக வேண்டிய நிலம். இந்த ஒரு கருத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் மேற்கொண்டு நாம் சொல்லப்போவது எளிதில் விளங்கும்.

போர் வந்தது, ஜப்பானியர் ஆட்சி வந்தது, போனது. 1949-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் தேதி, அரசாங்கம் மத்திய மின்சார வாரியத்தை அமைத்தது. வாரியத்தின் கைக்கு வந்த மின் நிலையங்கள் 34. இத்தனையும் சேர்ந்து கொடுக்கக் கூடியது ஏறத்தாழ 40 மெகாவாட் மட்டுமே. அதிலும் பங்சார் நிலையம் ஒன்றே 26.5 மெகாவாட். மிச்சமுள்ளவை ஒரு சிறிய நீர்மின் நிலையமும், ஊருக்கு ஊர் தடதடத்த டீசல் இன்ஜின்களுமாம். இந்த 40 என்ற எண்ணை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். கடைசியில் அது மீண்டும் வரும்.

வாரியத்தின் முன் மூன்று பெரிய வேலைகள் இருந்தன. கிள்ளானுக்கு அருகே கோனாட் பிரிட்ஜ் மின் நிலையத்தைக் கட்டி முடிப்பது ஒன்று. கேமரன் மலையின் நீரைக் கொண்டு மின்சாரம் எடுப்பது மற்றொன்று. இந்த நிலையங்களையெல்லாம் ஒரே கம்பி வலையில் பிணைப்பது மூன்றாவது. கோனாட் பிரிட்ஜ் 1953-இல் திறக்கப்பட்டது. அதனைப் பங்சாரோடு 66,000 வோல்ட் கம்பியால் இணைத்தார்கள். பின்னர் கம்பி தெற்கே மலாக்கா வரை நீண்டது. 1963-இல், கேமரன் மலையில் தேயிலைத் தோட்டங்களை ஒட்டிய ரிங்லெட் பள்ளத்தாக்கில் தேக்கிய நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே பேராக் பக்கம் இறங்கி, பூமிக்கடியில் அமைத்த ஜோர் நிலையத்தின் சுழலிகளை ஓட்டத் தொடங்கியது. 1965-இல் வாரியத்தின் பெயர் தேசிய மின்சார வாரியம் என்று மாறிற்று. வடக்கு, தெற்கு, கிழக்குக் கரை என்று ஒவ்வொரு பகுதியாகச் சேர்ந்து, கடைசியாகக் கோத்தா பாரு இணைந்து வலை முழுமையானது 1980களில்தான். பேராக் நதிக் கம்பெனியும் 1982-இல் வாரியத்தோடு சேர்ந்தது.

இந்த வேலையில் நம்மவரின் உழைப்பும் உண்டு. ரயில்வே, பொதுப்பணி, மின்சாரம் ஆகிய துறைகளில் இந்தியத் தொழிலாளர் பெருந்தொகையினராக இருந்த காலம் அது. கம்பி இழுத்தவர்களிடையே தோட்டத்திலிருந்து போன பிள்ளைகளும் இருந்தார்கள்.

இப்போது கோபுரத்துக் கம்பி ஏன் லயத்துக்கு இறங்கி வரவில்லை என்பதைப் பார்ப்போம். இதில் பாதி அறிவியல், பாதி அரசியல். அறிவியலை முதலில் சொல்லிவிடுகிறோம்.

ஆயிரம் பேர் ஆளுக்கொரு மங்குப் பாலைக் கையிலேந்தி ஐந்து மைல் நடந்தால் வழியெல்லாம் சிந்திப் பாதிதான் ஸ்டோருக்கு வந்து சேரும். அதே பாலை டாங்கி லாரியில் ஏற்றினால் சிந்தாமல் போய்ச் சேரும். மின்சாரத்தின் அழுத்தத்தை உயர்த்துவது பாலை லாரியில் ஏற்றுவது போன்றது. அழுத்தத்தை இரண்டு மடங்காக்கினால், அதே அளவு மின்திறனைக் கொண்டு செல்ல ஓட்டம் பாதி போதும். ஓட்டம் பாதியானால் கம்பி சூடாகி வீணாகும் மின்சாரம் நான்கில் ஒரு பங்காகக் குறையும். 66,000 வோல்ட் கம்பிக்குப் பிறகு 1,32,000 வோல்ட், 2,75,000 வோல்ட், இறுதியில் 5,00,000 வோல்ட் என்று உயர்த்திக்கொண்டே போனதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் டாங்கி லாரி ஒவ்வொரு வாசலிலும் நின்று ஒரு கோப்பை ஊற்றிவிட்டுப் போவதில்லை. 2,75,000 வோல்ட் மின்சாரத்தை நம் வீட்டு விளக்குக்கு ஏற்ற 230 வோல்ட்டாக இறக்க வேண்டுமானால், முதலில் ஒரு பெரிய துணை மின்நிலையம் வேண்டும். அங்கிருந்து சிறிய நிலையம், அதிலிருந்து 11,000 வோல்ட் கம்பி, அதன் முடிவில் கம்பத்தின் மேல் ஒரு டிரான்ஸ்ஃபார்மர், பிறகுதான் வீடு. நாற்பது வீட்டு லயத்துக்காக, மேலே போகும் பெரிய கம்பியை வெட்டி ஒரு பெரிய நிலையம் வைப்பது எந்த நாட்டிலும் நடப்பதில்லை. பட்டணத்து நிலையத்திலிருந்து சிறிய கம்பியைத் தோட்டம் வரை தனியாக இழுத்து வருவதே வழி.

அப்படி இழுத்து வந்திருக்கலாமே என்று கேட்கிறீர்கள் அல்லவா? அங்கேதான் அரசியல் வருகிறது.

தோட்டத்தை அடுத்திருந்த கம்பத்துக்கு அரசாங்கம் தன் கிராமப்புற மின்சாரத் திட்டத்தின் கீழ் கம்பி இழுத்தது. தோட்டம் என்பதோ தனியார் நிலம். தோட்டத்தின் எல்லைக்குள் கம்பம் நடுவதும், டிரான்ஸ்ஃபார்மர் வைப்பதும், லயத்துக்குக் கம்பி இழுப்பதும் உரிமையாளரின் செலவு என்று கருதப்பட்டது. உரிமையாளரோ வேறு கணக்குப் பார்த்தார். தொழிற்சாலைக்கும் பங்களாவுக்கும் ஏற்கெனவே இன்ஜின் ஓடுகிறது. அதிலிருந்து மாலையில் சில மணி நேரம் லயத்துக்கும் விட்டால் போதுமென்று பல இடங்களில் முடிவாயிற்று. அரசாங்கத்தின் புத்தகத்தில் தோட்டத்து மக்கள் கிராமத்தார் அல்லர், முதலாளியின் பொறுப்பில் உள்ளவர்கள். முதலாளியின் புத்தகத்தில் அவர்கள் செலவுக் கணக்கு. இரண்டு புத்தகங்களுக்கும் இடையே விழுந்த மக்கள் மண்ணெண்ணெய் வாங்கினார்கள். கம்பி தலைக்கு மேலே போன காரணத்தால் அவர்களுக்கு நேர்ந்த குறை அன்று இது. போகாத தோட்டங்களிலும் இதே கதைதான். மேலே கம்பி போன இடத்தில் மனம் கூடுதலாக வெந்தது, அவ்வளவே.

1990-ஆம் ஆண்டு இதில் குறிப்பிடத்தக்க ஆண்டு. தொழிலாளர் வீடுகளுக்கும் வசதிகளுக்கும் குறைந்தபட்ச அளவுகளை விதித்த சட்டம் அவ்வாண்டு இயற்றப்பட்டது. வீட்டுக்குப் போதிய மின்சாரமும் குழாய் நீரும் கிடைக்க முதலாளி வகை செய்ய வேண்டும் என்று அது விதித்தது. நம் நாட்டுச் சட்டங்களின் வரிசையில் அதற்கு எண் 446. அதற்கு அடுத்த எண்ணான 447 எது தெரியுமா? மின்சார விநியோகச் சட்டம்; அஃதாவது பிறர் நிலத்தின் மேல் கம்பி கொண்டு செல்ல உரிமை தரும் சட்டம். இரண்டும் அடுத்தடுத்த எண்களில் வந்தது தற்செயல்தான் என்றாலும், இவற்றைச் சேர்த்துப் படிப்பவர் தோட்டத்து நிலைமையின் இரு பக்கங்களையும் காண்பார். அதே ஆண்டு செப்டம்பர் முதல் தேதி தேசிய மின்சார வாரியமும் தெனாகா நேஷனல் என்ற கம்பெனியாக மாறியது.

கம்பி செல்லும் பாதையை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? நிலப்படத்தை விரித்து, மின் நிலையத்துக்கும் பட்டணத்துக்கும் இடையே ஒரு நேர்க்கோடு போட்டால் அதுவே மலிவு. ஆனால் நேர்க்கோட்டில் வீடுகள் இருக்கும், கோயில் இருக்கும், பள்ளிவாசல் இருக்கும், சுடுகாடு இருக்கும், மலை இருக்கும், சதுப்பு இருக்கும். கோடு ஒவ்வொன்றையும் விட்டு வளைய வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் கனமான கோபுரம் தேவை, செலவு ஏறும். நூறு பேரின் சிறு நிலங்கள் வழியே போனால் நூறு பேரிடம் பேச வேண்டும். ஆயிரம் ஏக்கர் தோட்டம் வழியே போனால் ஓர் உரிமையாளரிடம் பேசினால் முடிந்தது. அங்கே காடு ஏற்கெனவே திருத்தப்பட்டிருக்கிறது. லாரி போகப் பாதையும் இருக்கிறது. தோட்டங்கள் கோபுரங்களுக்கு வாகாக அமைந்ததில் வியப்பில்லை.

நிலத்தை இதற்காக வாங்க வேண்டும் என்பதில்லை. சட்டப்படி அறிவிப்புக் கொடுத்து, கம்பி கடந்து செல்லும் உரிமையை மட்டும் பெறலாம். நிலத்துக்காரர் மறுத்தால் மாவட்ட நில அதிகாரி விசாரிப்பார். நஷ்ட ஈடும் உண்டு. யாருக்கு? நிலத்துக்கும் மரத்துக்கும் உரியவருக்கு. இங்கே நாம் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2,75,000 வோல்ட் கம்பிக்கு ரெந்திஸ் சுமார் 40 மீட்டர் அகலம் வேண்டும். அப்படியானால் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு 4 ஹெக்டர், அஃதாவது ஏறக்குறைய 10 ஏக்கர் போகும். ஏக்கருக்கு 150 ரப்பர் மரம் என்று வைத்துக்கொண்டால் 1,500 மரங்கள். ஒருவர் ஒரு நாளில் 500 மரம் வெட்டுவதாகக் கொண்டால், அது மூன்று பேரின் வேலை. மரத்துக்கு விலை கிடைத்தது தோட்டத்துக்கு. அந்த மரத்தை நம்பிப் பெரட்டுக்குப் போனவருக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. நல்ல நிர்வாகி இருந்த தோட்டத்தில் வேறு காட்டில் வேலை கொடுத்திருப்பார். அது அவர் மனத்தைப் பொறுத்தது, சட்டத்தைப் பொறுத்ததன்று.

ரெந்திஸைப் பற்றி மேலும் ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். கம்பியின் கீழ் உயரமான மரம் நிற்கக் கூடாது என்பது வெறும் சட்டத்துக்காக அன்று. அதிக மின்சாரம் ஓடும்போது கம்பி சூடாகிறது, சூடானால் நீள்கிறது, நீண்டால் நடுவில் தொய்ந்து தரையை நோக்கி இறங்குகிறது. மரத்தின் உச்சியைத் தொடாமலே, நெருங்கியவுடன் மின்சாரம் பாய்ந்துவிடும். 2003 ஆகஸ்ட் 14-ஆம் தேதி, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் கம்பிகள் மரங்களில் பட்டதைத் தொடர்ந்து, அமெரிக்காவிலும் கனடாவிலும் சுமார் ஐந்து கோடிப் பேர் இருளில் மூழ்கினர். நம் தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தபின் வேறோர் அபாயமும் சேர்ந்தது. குலை அறுக்கும் நீண்ட அலுமினியக் கழி மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். கம்பிக்கு அருகே அதனை நிமிர்த்திப் பிடித்தால் உயிர் போய்விடும். கம்பி உயரத்தில்தானே இருக்கிறது என்று எண்ணி யாரும் ஏமாற வேண்டாம். கழியைப் படுக்கை வாட்டில் சுமந்து ரெந்திஸைக் கடக்க வேண்டும். அதன் கீழே குப்பை கொளுத்துவதும் காற்றாடி விடுவதும் ஆகாது.

கம்பி சூடாகித் தொய்வதைச் சொன்னோம். ஒரு கம்பி எவ்வளவு மின்சாரத்தைச் சுமக்கலாம் என்பதற்கு எல்லை உண்டு என்பது இதிலிருந்தே விளங்கும். பல கம்பிகள் அந்த எல்லையை எட்டும் நிலைக்குத்தான் நெரிசல் என்று பெயர். சாலை நெரிசலில் போலீஸ்காரர் நின்று வண்டிகளை வேறு வழியில் திருப்பலாம். மின்சாரம் அவ்வளவு எளிதில் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. இருக்கும் எல்லாக் கம்பிகளிலும், அவற்றின் தடைக்குத் தக்கபடி, தானே பிரிந்து ஓடும். ஒரு கம்பி நின்றுவிட்டால் அதன் சுமை அந்தக் கணமே மற்றவற்றின் மேல் விழும். அவையும் தாங்காமல் நின்றால் சுமை அடுத்தவற்றின் மேல். இப்படிச் சீட்டுக்கட்டு சரிவது போல நாடு முழுவதும் இருண்டுவிடக் கூடும். ஆகையால் ஒரு முக்கியக் கம்பி நின்றாலும் மற்றவை தாங்கும்படியே வலையைத் திட்டமிட வேண்டும் என்பது பொறியாளர்களின் விதி. கோபுரத்துக் கம்பி பாதிச் சுமையோடு ஓடுகிறது என்றால் அது வீண் என்று நினைத்துவிடக் கூடாது. காலியாக இருக்கும் பாதி, ஆபத்துக்காக வைத்த இடம்.

1980களில் மின்சாரம் பிறக்கும் இடமும் செலவாகும் இடமும் விலகிப் போயின. திரெங்கானுக் கடலில் எடுத்த எரிவாயுவை எரிக்கப் பாக்காவில் பெரிய நிலையம் வந்தது. அதே மாநிலத்தின் கென்யிர் அணையில் 400 மெகாவாட் நிலையம் எழுந்தது. மின்சாரத்தைத் தின்னும் தொழிற்சாலைகளோ கிள்ளான் பள்ளத்தாக்கில். தீபகற்பத்தின் குறுக்கே, மலைத்தொடரைக் கடந்து, கம்பிகள் அதைச் சுமக்க வேண்டியிருந்தது. இடையிலோ இடி மின்னல். கோலாலம்பூர்ப் பக்கத்தில் ஆண்டின் ஏறக்குறைய பாதி நாள்களில் இடிமுழக்கம் கேட்கும் என்பதை நாம் மறக்கலாகாது.

1992 செப்டம்பர் 29-ஆம் தேதி மின்னல் தாக்கி, தீபகற்பத்தின் பெரும் பகுதி இருண்டது. சில மாநிலங்களில் முழுமையாக வெளிச்சம் திரும்ப இரண்டு நாள் வரை ஆயிற்று. அதன் பின் மின்சாரம் உற்பத்தி செய்யத் தனியார் கம்பெனிகளுக்குக் கதவு திறக்கப்பட்டது. நிலையங்கள் விரைவாக எழுந்தன. எனினும் 1996 ஆகஸ்ட் 3-ஆம் தேதி, சனிக்கிழமை, மாலை 5 மணி 17 நிமிடத்துக்குப் பாக்கா அருகே ஒரு கம்பி துண்டித்துக்கொண்டது. தொடர்ந்து மின் நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. பெர்லிஸ் முதல் ஜொகூர் வரை தீபகற்பம் முழுவதும் இருள். இரவு 11 மணி வாக்கில்தான் நிலைமை சீரானது. அன்று மின்சாரம் எடுக்க நிலையங்கள் இல்லாமல் போகவில்லை. அவற்றைப் பிணைத்த வலைதான் அறுந்தது.

புதிய மின் நிலையத்துக்குத் திறப்பு விழா உண்டு; அமைச்சர் வருவார், படம் பத்திரிகையில் வரும். கம்பிக்கு மாலை போடுவார் இல்லை. நிலையத்தைக் கட்டுவதைவிடக் கம்பிக்குப் பாதை பெறுவது சில வேளைகளில் அதிகக் காலம் பிடிக்கும் வேலை என்பதையும் பேசுவோர் குறைவு. எனினும் அரசாங்கமும் தெனாகாவும் 1994 முதற்கொண்டே 5,00,000 வோல்ட் பாதையில் இறங்கியிருந்தார்கள். வடக்கே கெடாவின் குரூணிலிருந்து மேற்குக் கரையோரமாகச் சிலாங்கூரின் காப்பார் வரை ஒரு பகுதி. தெற்கே யோங் பெங்கிலிருந்து பாசிர் கூடாங் வரை ஒரு பகுதி. இதில் ஒரு முன்யோசனையை நாம் பாராட்ட வேண்டும். கோபுரங்களைப் பெரிதாக நட்டுவிட்டு, சில பகுதிகளில் தொடக்கத்தில் 2,75,000 வோல்ட் அளவிலேயே மின்சாரம் விட்டார்கள். தேவை வளர்ந்தபின் உயர்த்திக்கொள்ளலாம். மீண்டும் போய் வேறொரு காட்டை வெட்ட வேண்டியதில்லை. பத்தாண்டு கழித்து வேண்டியதை இன்றே நிலத்தில் குறித்து வைப்பது மின்பாதைத் திட்டத்தின் உயிர்நாடி என்று சொல்லலாம்.

இந்தக் கோபுரங்கள் எழுந்த அதே ஆண்டுகளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாயின. நம் மக்கள் பட்டணத்தின் ஓரங்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். லயத்துக்கு முழு நேர மின்சாரம் வந்து சேர்ந்தபோது, பல இடங்களில் லயம் காலியாகிக்கொண்டிருந்தது. ரப்பர் போயிற்று, லயமும் போயிற்று. ரெந்திஸ் மட்டும் அதே இடத்தில், புதிய வீடுகளுக்கு நடுவே, யாரும் கட்டடம் எழுப்பக் கூடாத நீண்ட பச்சைப் பட்டையாக இன்னமும் கிடக்கிறது. அதன் ஓரத்தில் வாழையும் மரவள்ளியும் போட்டு, மாடு கட்டிப் பிழைத்த குடும்பங்களை நாம் அறிவோம்.

நாம் நினைவில் வைக்கச் சொன்ன எண்ணுக்கு வருவோம். 1949-இல் வாரியத்தின் நிலையங்கள் அத்தனையும் சேர்ந்து 40 மெகாவாட். 2024-இல் தீபகற்பத்தின் உச்சத் தேவை 20,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. இப்போது ஜொகூரில், கூலாய், செடெனாக் பக்கம், முன்பு செம்பனை நின்ற நிலத்தில் தரவு மையங்கள் எழுகின்றன. உலகத்தின் கணினிச் செய்திகளைச் சேமித்து வைக்கும் கட்டடங்கள் அவை. பெரிய மையம் ஒன்று மட்டுமே 100 மெகாவாட் கேட்கும். அன்றைய வாரியம் முழுவதற்கும் இருந்ததைப் போல் இரண்டரை மடங்கு. சூரிய ஒளியில் மின்சாரம் எடுக்கும் பெரிய பண்ணைகளில் பலவோ வடக்கே, வெயில் மிகுந்த கெடாப் பக்கத்தில் அமைந்திருக்கின்றன. வடக்கே விளைவதைத் தெற்கே கொண்டு சேர்க்க வேண்டும். ஆகவே பழைய கம்பிகளைத் தடிப்பாக்கவும் புதிய பாதைகளைத் தேடவும் பொறியாளர்கள் மறுபடியும் நிலப்படத்தை விரித்திருக்கிறார்கள்.

அந்தப் படத்தில் தோட்டம் இன்றும் ஒரே உரிமையாளரின் பெரிய நிலமாகவே தெரியும். இன்று அங்கே குலை அறுப்பவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் வந்தவர்கள். நம் பாட்டன் பூட்டன் குடியிருந்தது போன்ற வரிசை வீடுகளில் அவர்கள் குடியிருக்கிறார்கள். கம்பி வருகிறது என்ற அறிவிப்பு நிலத்துக்கு உரியவரின் அலுவலகத்துக்குப் போகும். வரிசை வீட்டில் இருப்பவர், அளவைக்காரர் வந்து குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டும்போதுதான் அது எந்தப் பக்கம் வருகிறது என்று தெரிந்துகொள்வார்.